சோழி கற்பிக்கும் கணக்கு

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மூன்று அல்லது நான்கு வயதுக் குழந்தை இருந்தால் ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். ஐந்து சோழிகளைத் தரையில் வரிசையாக வையுங்கள். "எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லு பார்க்கலாம்" என்று கேளுங்கள். குழந்தை ஒவ்வொன்றாகத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று சொல்லும். உடனே, "அப்போ மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பல குழந்தைகள் "அஞ்சு" என்று பதில் சொல்வதில்லை. மறுபடியும் "ஒண்ணு, ரெண்டு" என்று முதலிலிருந்து தொடங்கிவிடும்!

வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? இருபது வரை தடங்கல் இல்லாமல் ஒப்பிக்கும் குழந்தைகூட இப்படிச் செய்வதுண்டு. எண்களின் பெயர்களை ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு என்பதை இந்தச் சோதனை காட்டுகிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குக் குழந்தை எப்படிச் செல்கிறது? அதற்கு நம் பாட்டிமார் வைத்திருந்த கருவிகளில் ஒன்றுதான் சோழி. அது மூன்று வயதுக் குழந்தைக்கு மட்டும் பாடம் சொல்வதில்லை. பத்தாம் வகுப்பு மாணவருக்கும் அதனிடம் பாடம் இருக்கிறது.

இரவில் மேயும் பிராணி

சோழி என்பது கல்லும் அல்ல, விதையும் அல்ல. கடலில் வாழ்ந்த ஒரு நத்தையின் ஓடு அது. மெல்லுடலிகள் என்ற பெரும் பிரிவில், வயிற்றாலேயே ஊர்ந்து செல்லும் வயிற்றுக்காலிகள் இனத்தைச் சேர்ந்தது. நாம் விளையாடப் பயன்படுத்தும் சிறிய மஞ்சள் கலந்த வெள்ளைச் சோழிக்கு 'மொனிட்டேரியா மொனிட்டா' என்று பெயர். 'மொனிட்டா' என்ற லத்தீன் சொல் நாணயத்தைக் குறிக்கும். 1758-இல் லின்னேயஸ் இந்தப் பெயரைச் சூட்டினார். காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

பகல் முழுவதும் சோழி பவளப் பாறைகளின் இடுக்குகளிலும் கற்களுக்கு அடியிலும் ஒளிந்துகொண்டிருக்கும். இருட்டியதும் வெளியே வந்து பாறைகளில் படிந்துள்ள பாசியை மேயும். அப்போது அதைப் பார்த்தால் சோழி என்றே உங்களுக்குத் தெரியாது. ஓட்டின் அடியில் உள்ள நீண்ட பிளவிலிருந்து போர்வை போன்ற ஒரு தசை மடிப்பு இரு பக்கமும் வெளியே வந்து, ஓட்டையே மூடிக்கொள்ளும். இந்தப் போர்வைதான் ஓட்டுக்கு மேன்மேலும் வழுவழுப்பான பூச்சு கொடுக்கிறது. பாசியும் பிற உயிர்களும் அதில் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. சோழியின் பளபளப்பு கடைக்காரர் தீட்டிய மெருகு அல்ல. அந்தப் பிராணி தன் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை.

இளம் சோழியின் ஓடு சாதாரண நத்தை ஓட்டைப் போல மெல்லியதாக, வாய் அகன்று இருக்கும். வளர்ந்து முடியும் பருவத்தில் ஓட்டின் விளிம்பு உட்பக்கமாகச் சுருண்டு, பற்கள் போன்ற வரிகள் உண்டாகின்றன. அதனால்தான் சோழிக்கு ஒரு புறம் வளைந்த முதுகும், மறுபுறம் பல் தெரியும் வாயும் இருக்கின்றன. இந்த இரண்டு முகங்களை நினைவில் வையுங்கள். நமது கணக்கெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து கடல் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. பவளப் பாறைகளோ இன்னும் தொலைவில், மன்னார் வளைகுடாவிலும் லட்சத்தீவுகளிலும் மாலத்தீவிலும் உள்ளன. ஆயினும் கடலைப் பாராத குழந்தையின் கையிலும் சோழி இருந்தது. கைக்கு அடக்கமான அளவு, உடையாத உறுதி, எல்லாம் ஏறக்குறைய ஒரே வடிவம் ஆகிய மூன்று குணங்களும் எண்ணுவதற்கு மிகவும் ஏற்றவை.

தறியில் ஒரு பாடம்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் ஒரு வேலையைக் காணலாம். ஒரு பாவு நெய்து முடிந்ததும், தறியில் உள்ள பழைய இழைகளின் நுனியோடு புதிய பாவின் இழைகளை இணைப்பார்கள். பழைய இழை ஒன்றை எடுத்து, புதிய இழை ஒன்றோடு சேர்த்து, விரலால் முறுக்கிவிடுவார்கள். அடுத்த பழைய இழை, அடுத்த புதிய இழை. இப்படி ஆயிரக்கணக்கான இழைகள்! இந்த வேலை சரியாக நடந்ததா என்று அறிய அத்தனை இழைகளையும் எண்ண வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் மிச்சம் இல்லாமல் முடிந்தால் இரண்டு தொகையும் சமம். ஒரு பக்கம் ஓர் இழை மிஞ்சினால் எங்கோ தவறு நேர்ந்துவிட்டது.

எண்ணுவதற்கு அடிப்படையே இதுதான். ஒரு பக்கம் பொருள்கள். மறுபக்கம் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்ற சொற்கள். பொருளுக்கு ஒரு சொல் என்று இணைத்துக்கொண்டே போகிறோம். ஒரு பொருளை இரண்டு தடவை தொட்டாலும், ஒன்றை விட்டுவிட்டாலும், கணக்கு தவறிப்போகும்.

அமெரிக்க உளவியல் அறிஞர்களான ரோசெல் கெல்மன், காலிஸ்டல் ஆகிய இருவரும் 1978-இல் வெளியிட்ட நூலில், எண்ணுவதற்கு ஐந்து நியதிகள் உண்டு என்று கூறினார்கள். அவற்றைச் சோழியைக் கொண்டு விளக்குவோம்.

1. ஒரு சோழிக்கு ஒரே சொல். இது தறியில் நாம் கண்ட பாடம்.

2. சொற்களின் வரிசை மாறக் கூடாது. இன்று "ஒன்று, இரண்டு, மூன்று" என்றும், நாளை "ஒன்று, மூன்று, இரண்டு" என்றும் சொன்னால் பயனில்லை.

3. கடைசியாகச் சொன்ன சொல் கடைசிச் சோழியின் பெயர் மட்டும் அல்ல. அதுவே முழுத் தொகை. நம் சோதனையில் குழந்தை தடுமாறியது இந்த இடத்தில்தான்.

4. எதையும் எண்ணலாம். சோழி, புளியங்கொட்டை, மணியோசை, நேற்று வந்த விருந்தினர், எல்லாவற்றுக்கும் எண்கள் ஒன்றே.

5. எந்தச் சோழியிலிருந்து தொடங்கினாலும் தொகை மாறாது.

பெரியவர்களான நமக்கு இவை சொல்லாமலே விளங்குகின்றன. ஆனால் குழந்தை இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வாயால் ஒப்பித்தால் முதலிரண்டில் ஒன்று மட்டும் வரும். மற்றவை வர, கையில் பொருள் வேண்டும். அதை நகர்த்த வேண்டும். கலைத்து மறுபடியும் எண்ண வேண்டும்.

நான்கு என்றால் பசு

பல்லாங்குழிப் பலகையில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் இருக்கின்றன. குழிக்கு ஐந்து சோழி வீதம் போட்டால் மொத்தம் 70. ஒரு குழியிலுள்ள சோழிகளை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகிறோம். குழிக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒரு குழி. இங்கும் அதே முதல் நியதி! விளையாடும் குழந்தைக்கு அது நியதி என்று தெரியாது. கை அதைக் கற்றுக்கொள்கிறது.

ஆட்டத்தின் நடுவில் ஒரு குழியில் நான்கு சோழிகள் சேர்ந்துவிட்டால் அதற்குப் 'பசு' என்று பெயர். அந்தக் குழிக்கு உரியவர் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உடனே கவனித்து எடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் அடுத்த சோழி விழுந்து ஐந்தாகிவிடும்.

இங்கே ஓர் ஆச்சரியமான செய்தி இருக்கிறது. 1871-இல் ஆங்கில அறிஞர் ஜெவன்ஸ் ஒரு சோதனை செய்தார். கைக்கு வந்தபடி அவரை விதைகளை ஒரு பெட்டிக்குள் எறிந்து, எண்ணாமல் ஒரே பார்வையில் எத்தனை என்று சொல்லிப் பார்த்தார். பிறகு எண்ணிச் சரிபார்த்தார். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை செய்தார். மூன்று, நான்கு விதைகள் விழுந்தபோது அவர் ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஐந்திலிருந்து தவறுகள் தொடங்கின. விதைகள் கூடக்கூடத் தவறுகளும் கூடின. 'நேச்சர்' இதழில் அவர் இதை வெளியிட்டார். நமது கண் எண்ணாமலே அறியும் எல்லை ஏறக்குறைய நான்கு என்பதைப் பின்னால் வந்த ஆராய்ச்சிகளும் உறுதிப்படுத்தின.

பல்லாங்குழியை வகுத்தவர்கள் இந்த ஆராய்ச்சியைச் செய்துவிட்டுத்தான் 'பசு' என்ற விதியை ஏற்படுத்தினார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த விதி கண்ணின் எல்லைக்கு மிகச் சரியாகப் பொருந்தியிருக்கிறது. ஏழு சேர்ந்தால் பசு என்று இருந்தால், ஒவ்வொரு குழியையும் நின்று எண்ண வேண்டியிருக்கும், ஆட்டம் ஓடாது.

ஆட்டம் முடிந்ததும் வகுத்தலும் வந்துவிடுகிறது. ஒருவரிடம் 43 சோழிகள் இருந்தால் மற்றவரிடம் 27. அடுத்த ஆட்டத்துக்குக் குழிக்கு ஐந்து வீதம் நிரப்ப வேண்டும். 27-ஐ வைத்து ஐந்து குழிகளை நிரப்பலாம். இரண்டு சோழிகள் மீதி. இரண்டு குழிகள் காலி. ஈவும் மீதியும் என்றால் என்ன என்று எட்டு வயதுக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

காசாக இருந்த கணக்கு

'மொனிட்டா' என்ற பெயருக்குக் காரணம் கேட்டீர்கள் அல்லவா? சோழி உண்மையிலேயே பணமாக இருந்தது. மாலத்தீவிலிருந்து வங்காளத்துக்குக் கப்பல் கப்பலாகச் சோழி சென்றது. பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவில் நீதிபதியாக இருந்த இபின் பதூதா என்ற பயணி, ஒரு தங்க நாணயத்துக்கு நான்கு லட்சம் சோழிகள் என்றும், விலை இறங்கும்போது பன்னிரண்டு லட்சம் வரையிலும் கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறார். நூறு சோழிக்கு ஒரு பெயர், லட்சம் சோழிக்கு ஒரு பெயர் என்று அங்கே தனித்தனிச் சொற்களும் வழங்கின.

1150-ஆம் ஆண்டில் பாஸ்கராச்சாரியார் இயற்றிய 'லீலாவதி' என்ற கணித நூல், காசு வாய்பாட்டுடன்தான் தொடங்குகிறது. 20 சோழி ஒரு காகிணி. 4 காகிணி ஒரு பணம். 16 பணம் ஒரு திரம்மம். அதே நூலில் ஒரு கஞ்சனைப் பற்றிய கணக்கு வருகிறது. அவன் பிச்சை கேட்டவனுக்குக் கொடுத்தது இவ்வளவு: அரைத் திரம்மத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதில் முக்கால், அதில் ஐந்தில் ஒன்று, அதில் பதினாறில் ஒன்று, அதில் கால். எவ்வளவு கொடுத்தான்?

பின்னங்களைப் பெருக்குங்கள். அரையில் மூன்றில் இரண்டு பங்கில் முக்கால் என்பது 1/4. அதில் ஐந்தில் ஒன்று 1/20. அதில் பதினாறில் ஒன்று 1/320. அதில் கால் 1/1280. ஒரு திரம்மத்துக்கு எத்தனை சோழி? 20 × 4 × 16 = 1280. ஆகவே அந்த வள்ளல் கொடுத்தது ஒரே ஒரு சோழி!

தாயம் ஏன் அருமை?

இனி உங்கள் வகுப்புக்கு உரிய கணக்குக்கு வருவோம். ஆறு சோழிகளைக் குலுக்கிப் போட்டுத் தாயம் விளையாடியிருப்பீர்கள். வாய் மேலாக விழுந்த சோழிகளை எண்ணுகிறோம். ஒன்று என்றால் தாயம். ஆறும் குப்புற விழுந்தால் பன்னிரண்டு. விதிகள் ஊருக்கு ஊர் சற்று மாறினாலும், பல ஊர்களில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நான்குக்கும் மறு ஆட்டம் உண்டு. இரண்டு, மூன்று, நான்குக்குக் கிடையாது. ஏன் இந்தப் பாகுபாடு?

ஒரு சோழி இரண்டு விதமாக விழலாம். ஆறு சோழிகள் 2 × 2 × 2 × 2 × 2 × 2 = 64 விதங்களில் விழலாம். இவற்றில் ஒன்று மட்டும் வாய் மேலாக இருக்கும் வழிகள் ஆறு. அந்த ஒன்று ஆறு சோழிகளில் எதுவாகவும் இருக்கலாம் அல்லவா? இரண்டு மேலாக இருக்கும் வழிகள் 6 × 5 ÷ 2 = 15. இப்படியே எல்லாவற்றையும் கணக்கிட்டால்:

ஒன்றும் மேலாக இல்லை (பன்னிரண்டு) – 1 வழி
ஒன்று மேலாக (தாயம்) – 6 வழிகள்
இரண்டு – 15 வழிகள்
மூன்று – 20 வழிகள்
நான்கு – 15 வழிகள்
ஐந்து – 6 வழிகள்
ஆறு – 1 வழி

இரண்டு, மூன்று, நான்கு ஆகியவற்றின் வழிகளைக் கூட்டுங்கள்: 50. மறு ஆட்டம் தரும் நான்கையும் கூட்டுங்கள்: 14. அரிதாக விழுவதற்குப் பரிசு. அடிக்கடி விழுவதற்குப் பரிசு இல்லை! நிகழ்தகவு என்ற சொல்லையே கேட்டிராதவர்கள், பலகாலம் விளையாடிப் பார்த்த அனுபவத்தால் இந்த விதிகளை வகுத்திருக்கிறார்கள்.

1, 6, 15, 20, 15, 6, 1 என்ற இந்த வரிசை பாஸ்கல் முக்கோணத்தில் வருவதை நீங்கள் கண்டிருக்கலாம். பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கலின் நூல் 1665-இல் வெளிவந்தது. ஆனால் நம் நாட்டில் பிங்கலரின் யாப்பு நூலுக்கு உரை எழுதிய ஹலாயுதர், பத்தாம் நூற்றாண்டிலேயே இதை 'மேரு பிரஸ்தாரம்' என்ற பெயரில் விளக்கியிருக்கிறார். குறில், நெடில் என்ற இரண்டு அசைகளால் எத்தனை விதமான அடிகள் அமைக்கலாம் என்பது அவருடைய கேள்வி. சோழியின் இரண்டு முகங்களைப் பற்றிய நம் கேள்வியும் அதேதான்.

காஞ்சிபுரத்துத் தறியிலும் இதே கணக்கு இருக்கிறது. தறியின் மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் மாலையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஓர் இடத்தில் துளை இருந்தால் அதற்குரிய கொக்கி உயர்ந்து பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் தூக்காது. இருப்பது, இல்லாதது என்ற இரண்டே நிலைகள். ஆறு இடங்கள் கொண்ட அட்டை இருந்தால் 64 விதமாகத் துளையிடலாம். உண்மையான அட்டையில் நூற்றுக்கணக்கான இடங்கள் இருக்கின்றன! மயிலும் அன்னமும் மாங்காயும் சேலையில் பூப்பது இந்த ஏராளமான வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால்தான்.

சோழி நாணயம் அல்ல

மேலே சொன்ன கணக்கில் ஓர் அனுமானம் மறைந்திருக்கிறது. சோழி இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று எடுத்துக்கொண்டோம். ஆனால் ஒரு புறம் வளைவு, மறுபுறம் தட்டை. சமமாக விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே?

உதாரணத்துக்கு, வாய் மேலாக விழும் வாய்ப்பு பத்தில் ஆறு என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆறும் மேலாக விழும் வாய்ப்பு 0.6-ஐ ஆறு தடவை பெருக்கினால் வருவது. அதாவது நூறு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 5. ஆறும் குப்புற விழும் வாய்ப்பு 0.4-ஐ ஆறு தடவை பெருக்கினால் வருவது. அதாவது ஆயிரம் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 4 மட்டுமே. முகச் சாய்வில் சிறிய வேறுபாடு, முடிவில் பதினோரு மடங்கு வேறுபாடாகிவிடுகிறது. உங்கள் வீட்டுச் சோழி எந்தப் பக்கம் சாய்கிறது? அதைப் புத்தகம் சொல்லாது. நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

பளபளப்பின் விலை

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். கடற்கரையில் தானாக ஒதுங்கிய சோழி வெயிலிலும் மணலிலும் கிடந்து மங்கிப்போகும். கடையில் கண்ணாடிபோல் மின்னும் சோழி பெரும்பாலும் உயிருடன் பிடிக்கப்பட்டதாகவே இருக்கும். பெண் சோழி தன் முட்டைகள் பொரியும் வரை அவற்றின்மேல் அமர்ந்து காக்கும். அந்தச் சமயத்தில் எடுத்தால் ஒரு தலைமுறையே போய்விடும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001-இல் சில சங்கு, சோழி இனங்களும் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கிறது.

ஆகவே பாட்டியின் பெட்டியில் பழைய சோழிகள் இருந்தால் அவற்றை எடுத்து விளையாடுங்கள். இல்லாவிட்டால் புதிதாக வாங்க வேண்டாம். புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். கறுப்பு ஒரு முகம், வெள்ளை ஒரு முகம். தாயத்துக்கு இதைப் பயன்படுத்துவதும் நம் ஊர்களில் பழைய வழக்கமே. கணக்கில் எந்தக் குறையும் வராது. எதையும் எண்ணலாம் என்பதுதானே நான்காவது நியதி!

செய்து பாருங்கள்

1. சிறு குழந்தை எண்ணி முடித்ததும் சோழிகளைக் கையால் மூடி, "உள்ளே எத்தனை?" என்று கேளுங்கள். மூடியிருப்பதால் அதனால் மறுபடியும் எண்ண முடியாது; கடைசிச் சொல்லை நினைத்துப் பார்க்கும். பிறகு கையை எடுத்து இருவருமாக எண்ணிச் சரிபாருங்கள். தவறினால் கோபிக்காதீர்கள், மூன்றிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.

2. ஆறு சோழிகளையோ புளியங்கொட்டைகளையோ நூறு தடவை போட்டு, ஒவ்வொரு தடவையும் எத்தனை மேலாக விழுந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 600-ஆல் வகுத்தால் உங்கள் சோழியின் வாய்ப்பு எண் கிடைக்கும். அது 0.5-க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது?

3. நான்கு சோழிகளை வைத்து விளையாடினால் மொத்தம் எத்தனை வழிகள்? அவற்றில் தாயம் விழும் வழிகள் எத்தனை? ஆறு சோழி ஆட்டத்தைவிட இதில் தாயம் எளிதா, கடினமா?

(மூன்றாவது கேள்விக்கு விடை: மொத்தம் 16 வழிகள், தாயம் 4 வழிகள். அதாவது நான்கில் ஒன்று. ஆறு சோழியில் 64-க்கு 6 என்பதால், நான்கு சோழி ஆட்டத்தில் தாயம் எளிது. இரு முகங்களும் சமமாக விழுகின்றன என்று கொண்டு கணக்கிடப்பட்டது.)